மூளையைத் தேற்றும் ஊசி: லண்டன் மருத்துவமனைகள் போடாததன் நியாயம்

சிட்டிகோலின், செரிப்ரோலைசின் ஆகிய இரண்டும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் மூளை தேறுவதற்கென்று ஊசி வழியே ஏற்றப்படும் மருந்துகள். ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பல நாடுகளில் இவை அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. சென்னையிலோ மதுரையிலோ ஒரு பக்கவாத நோயாளியின் மருந்துச் சீட்டில் சிட்டிகோலின் இருந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். லண்டனில் அப்படி இல்லை. டூட்டிங்கிலுள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலோ ஹாரோவை ஒட்டிய நார்த்விக் பார்க் மருத்துவமனையிலோ சேர்க்கப்படும் பக்கவாத நோயாளிக்கு இந்த ஊசிகள் போடப்படுவதில்லை. பிரிட்டனில் இவற்றுக்கு மருந்துக்கான உரிமமே கிடையாது. சிட்டிகோலின் அங்கே உணவுத் துணைப்பொருளாகக் கடைகளில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

தமிழர்கள் செறிந்து வாழும் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற பகுதிகளில் இந்த வேறுபாடு ஒரு மனக்குறையாக வளர்ந்திருக்கிறது. ஊரில் மூளைக்கு ஊசி போட்டு எழுப்பி உட்கார வைத்துவிடுகிறார்கள், இங்கே ஆஸ்பிரினைக் கொடுத்துச் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள் என்பது அந்தக் குறையின் சாரம். அதற்கு அடியில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. இந்த ஊசிகள் வேலை செய்கின்றன என்பது ஒன்று. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை செலவுக்கு அஞ்சியே இவற்றைத் தர மறுக்கிறது என்பது இன்னொன்று. பலன் இல்லாமல் போனாலும் போட்டுப் பார்ப்பதில் கெடுதல் என்ன என்பது கடைசி. மூன்றும் தவறு. கடைசி நம்பிக்கை ஆபத்தானதும்கூட.

சிட்டிகோலின் உடலுக்கு அந்நியமான பொருள் அன்று. உயிரணுக்களின் சவ்வைக் கட்டும் பாஸ்படிடைல்கோலின் என்ற கொழுப்பை உடல் உருவாக்கும் வழியில் இடையில் தோன்றும் பொருள்தான் அது. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் நரம்பணுக்களின் சவ்வு சிதைகிறது; ஆகவே சவ்வு கட்டும் மூலப்பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் அணுக்கள் பிழைக்கும் என்பது இந்த மருந்தின் பின்னுள்ள தர்க்கம். செரிப்ரோலைசின் வேறு வகை. பன்றியின் மூளைப் புரதத்தை நொதிகளால் சிறு துண்டுகளாகச் சிதைத்து எடுக்கப்படும் கரைசல் அது. இந்தத் துண்டுகள் நரம்பு வளர்ச்சிக் காரணிகளைப் போல நடந்துகொள்ளும் என்கிறார்கள். மருந்து பன்றியிலிருந்து வருவது என்பதை, அதை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

காகிதத்தில் இரண்டு தர்க்கங்களும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைபடுவதால் வருபவை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சராசரியாக ஒரு நிமிடத்துக்குப் பத்தொன்பது லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். அடைப்பு இருக்கும்வரை ரத்தத்தோடு வர வேண்டிய மருந்தும் அந்த இடத்துக்குச் சரிவரப் போய்ச் சேராது. வாய்க்கால் அடைபட்டுக் காயும் வயலுக்கு வரப்பிலிருந்து உரம் தூவும் செயல் அது. அடைப்பு நீங்கிய பிறகோ, சாக வேண்டிய அணுக்கள் பெரும்பாலும் செத்துவிட்டிருக்கும். தர்க்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நோயாளியிடம் சோதித்துப் பார்க்காமல் அதை நம்ப முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சோதித்தும் பார்த்தாயிற்று. 2002-இல் ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர் அந்தோனி தாவலோஸும் அவருடைய குழுவினரும், வாய்வழி சிட்டிகோலின் கொடுத்து நடந்த முந்தைய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,372 நோயாளிகள். மூன்று மாதத்தில் நன்கு தேறியவர்கள், மருந்து பெற்ற குழுவில் நூற்றுக்கு 25.2 பேர், வெற்று மருந்து பெற்ற குழுவில் 20.2 பேர். சிட்டிகோலின் உலகெங்கும் பரவ இது பெரிதும் துணை நின்றது. இன்றும் இந்த மருந்துக்காக வாதாடுகிறவர்கள் இந்த எண்களைச் சுட்டுவதுண்டு. அதற்குப் பிறகு நடந்ததையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே தாவலோஸ் தலைமையில், ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி ஆகிய நாடுகளின் 59 மருத்துவமனைகளில், 2006-க்கும் 2011-க்கும் இடையே, 2,298 நோயாளிகளிடம் இக்டஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளுக்கு 2,000 மில்லிகிராம், முதல் மூன்று நாள் ஊசியாகவும் அதன்பின் ஆறு வாரம் வரை வாய்வழியாகவும் கொடுத்தார்கள். எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வெற்று மருந்து என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. மேற்கொண்டு நடத்திப் பயனில்லை என்று இடைக்காலக் கணக்கு காட்டியதால் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2012-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: இரு குழுவினரும் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். நம்பிக்கையை வளர்த்தவரே அதைக் கடுமையாகச் சோதித்து, தோற்றதை ஒளிக்காமல் அறிவித்தார். மருத்துவத்தில் நேர்மை என்பது இதுதான்.

தலைக்காயத்துக்கும் அதே ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்காவில் காப்ரிட் என்ற ஆய்வில் 1,213 பேருக்கு 90 நாள் சிட்டிகோலினோ வெற்று மருந்தோ தரப்பட்டது. நினைவாற்றலிலும் அன்றாடச் செயலிலும் வேறுபாடு இல்லை. இந்த ஆய்வில் பலர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்ற குறை உண்மையே. அந்தக் குறையைக் கழித்துவிட்டாலும், பலன் உண்டு என்று காட்டும் ஆய்வாக அது மாறிவிடாது. 2020-இல் காக்ரேன் அமைப்பு, சிட்டிகோலின் பற்றிய பத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இறப்பிலோ செயல்திறனிலோ மருந்தால் வேறுபாடு ஏற்பட்டதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

செரிப்ரோலைசினின் கதையும் இதையொட்டியே போகிறது. ஆசிய நாடுகளில் 1,070 நோயாளிகளிடம் நடந்த காஸ்டா ஆய்வு 2012-இல் வெளியானது. பத்து நாள் ஊசி ஏற்றியும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. கடுமையான பக்கவாதம் வந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் பலன் தெரிகிறது என்று அதன் ஆதரவாளர்கள் வாதாடுகிறார்கள். பிறகு 208 பேரிடம் நடந்த கார்ஸ் என்ற ஆய்வு, கையின் இயக்கத்தில் நல்ல முன்னேற்றத்தைக் காட்டியது. இத்தகைய சான்றுகளைக் கொண்டு, இயக்கப் பயிற்சிக்குத் துணையாக செரிப்ரோலைசினை ஐரோப்பிய நரம்பியல் அமைப்பு 2021-இல் பரிந்துரைக்கவும் செய்தது. ஊசியின் பக்கம் இருக்கும் வலுவான வாதம் இதுதான். மறுப்பு எழுதுகிறவர் இதை மறைத்துவிட்டுப் போவது முறையல்ல.

ஆனாலும் அந்த வாதம் நிற்காது. ஒட்டுமொத்தமாகத் தோற்ற ஆய்வைக் கூறுகளாகப் பிரித்துக்கொண்டே போனால், ஏதாவது ஒரு கூறில் வெற்றி தட்டுப்பட்டே தீரும். ஆக்ஸ்போர்டிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வின் ஆசிரியர்கள் இதை என்றைக்கும் மறக்க முடியாதபடி காட்டினார்கள். மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று ஐயமறக் காட்டிய ஆய்வு அது. நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தபோது, மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் ஆஸ்பிரினால் பலன் இல்லை என்று வந்தது! பிரித்துப் பார்த்துச் சொல்லும் பலன்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்காகவே அந்த அட்டவணையை அவர்கள் அச்சிட்டார்கள். சிறிய ஆய்வுகளின் வெற்றியும் இப்படியே கரைந்து போவதுண்டு. பிரான்சில் 118 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஒரு ஆய்வு, மனச்சோர்வுக்கான புளூவாக்சிடின் மாத்திரை பக்கவாதக்காரர்களின் கைகால் இயக்கத்தை மேம்படுத்துவதாகச் சொன்னது. பிரிட்டனின் 103 மருத்துவமனைகளில் 3,127 பேரிடம் நடந்த போகஸ் ஆய்வு 2018-இல் வெளியானபோது அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. எலும்பு முறிவுகள்தான் கூடியிருந்தன. 208 பேரின் ஆய்வை நம்பி நாடு முழுவதும் ஊசி போடத் தொடங்குவது, இந்த அனுபவத்தைக் கண்ணால் பார்த்தும் கற்காமல் இருப்பதாகும்.

மூளை காக்கும் மருந்துகளின் வரலாறே தோல்விகளின் வரலாறு. 2006-இல் ஒரு ஆய்வுக் குழு, பக்கவாதத்துக்காகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தபோது 1,026 வந்தது. எலிகளிடம் வென்றவை ஏராளம். மனிதரிடம் வந்தபோது மூளையைக் காப்பதாக நிலைநின்ற மருந்து எதுவும் இல்லை. மக்னீசியம், புரொஜெஸ்டெரோன், அல்புமின் என்று ஒவ்வொன்றும் பெரும் நம்பிக்கையோடு வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, வீழ்ந்தது. லண்டனில் தலைமையகம் கொண்டிருந்த அஸ்ட்ராஜெனிக்கா நிறுவனத்தின் என்எக்ஸ்ஒய்-059 என்ற ஊசி இவற்றில் மிகவும் கற்பிக்கக்கூடியது. 1,722 பேரிடம் நடந்த முதல் ஆய்வு 2006-இல் பலன் உண்டு என்றது. மூளை காக்கும் முதல் மருந்து வந்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். அதே நிறுவனம் 3,306 பேரிடம் நடத்திய இரண்டாவது ஆய்வில் பலன் சுத்தமாக இல்லை. மருந்து கைவிடப்பட்டது. பெரிய ஆய்வு ஒன்றில் வென்ற மருந்தே இப்படி விழுந்தது என்றால், பெரிய ஆய்வுகளில் தோற்ற மருந்துக்கு எந்தத் தகுதி மிச்சம் இருக்கிறது?

சீனாவில் எடராவோன் டெக்ஸ்போர்னியோல் என்ற கலவை ஊசி 1,165 பேரிடம் சோதிக்கப்பட்டு 2021-இல் நல்ல முடிவு வெளியாகியிருக்கிறது. மூன்று மாதத்தில் குறையின்றி அல்லது மிகச் சிறு குறையோடு இருந்தவர்கள், கலவை பெற்றோரில் நூற்றுக்கு 67. எடராவோன் மட்டும் பெற்றோரில் 59. இதை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. வேறு நாடுகளிலும் வேறு மருத்துவர்களின் கையிலும் அதே முடிவு திரும்ப வந்தால், லண்டனும் அதைப் போடத் தொடங்க வேண்டும், போடும். திரும்ப வரும்வரை காத்திருப்பதற்கான காரணத்தை என்எக்ஸ்ஒய்-059 கற்றுத் தந்திருக்கிறது.

அப்படியானால் ஊரில் ஊசி போட்டவர்கள் எழுந்து நடந்தார்களே என்ற கேள்வி வரும். நடந்தார்கள், உண்மைதான். ஊசி போடாதவர்களும் நடந்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் முதல் வாரங்களில் மூளையின் வீக்கம் வடிகிறது. ரத்தம் குறைந்து மயங்கிக் கிடந்த, ஆனால் சாகாத அணுக்கள் மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றன. சேதமடைந்த இடத்தின் வேலையை அக்கம்பக்கத்துப் பகுதிகள் ஏற்கத் தொடங்குகின்றன. இந்தத் தேறுதலில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களில் நடந்துவிடுகிறது. ஊசி போடப்படும் காலமும் இதே காலம். பத்து நாள் ஊசிக்குப் பின் அப்பா கையைத் தூக்கினார் என்று பார்க்கும் மகனுக்கு, ஊசி இல்லாமலும் அவர் கையைத் தூக்கியிருப்பாரா என்று அறிய வழியே இல்லை. அவருடைய கண்ணைக் குறைசொல்ல முடியாது. ஒரே ஒரு நோயாளியைப் பார்த்து இந்தக் கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது, அனுபவம் மிக்க மருத்துவராலும் முடியாது. வெற்று மருந்து பெற்ற ஒரு குழுவை அருகில் நிறுத்திப் பார்த்தால்தான் விடை தெரியும். இக்டஸ் அதைத்தான் செய்தது.

கெடுதல் இல்லையே, போட்டுப் பார்க்கலாமே என்ற வாதத்துக்கு லண்டனில் நிரந்தரமான ஒரு மறுமொழி இருக்கிறது. புளூம்ஸ்பரியில் கெப்பல் தெருவிலுள்ள லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இயான் ராபர்ட்ஸ் என்ற பேராசிரியர் தலைமையில் ஒரு குழு தலைக்காய சிகிச்சைகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வந்தது. தலையில் அடிபட்டவருக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் இருந்த வழக்கம். வீக்கத்தைக் குறைக்கும், மூளையைக் காக்கும் என்ற தர்க்கம் சிட்டிகோலினின் தர்க்கத்தைவிட வலுவாகவே இருந்தது. அதுவரை நடந்த சிறிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், நூற்றுக்கு இரண்டு உயிர் பிழைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று கிராஷ் என்ற ஆய்வு தொடங்கியது. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள். 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 10,008 பேர் சேர்ந்ததும் 2004 மே மாதத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்ற குழுவில் 1,052 பேர், நூற்றுக்கு 21.1. வெற்று மருந்து பெற்ற குழுவில் 893 பேர், நூற்றுக்கு 17.9.

அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மை பதற வைப்பது. மூளையைக் காப்பதாக நம்பிப் போட்ட ஊசி, நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகக் கொன்றது. முப்பது ஆண்டுகளாக எந்த மருத்துவரின் கண்ணிலும் அது படவில்லை. தலையில் பலத்த அடிபட்டவர் இறந்தால் அடியால் இறந்தார் என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். பிழைத்தால் ஊசியால் பிழைத்தார் என்பார்கள். கெடுதல் இல்லை என்று அனுபவத்தைக் கொண்டு சொல்வதற்கு இந்தத் துறையில் யாருக்கும் உரிமை இல்லை. செரிப்ரோலைசின் பற்றிய காக்ரேன் மதிப்பீடு, உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் அந்த மருந்தால் கூடக்கூடும் என்று எச்சரித்திருக்கிறது. கெடுதல் இல்லை என்பதையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று அது.

லண்டன் ஊசிக்கே எதிரி என்று இதைக் கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. அதே கெப்பல் தெருக் குழு ஊசி ஒன்றுக்காக உலகைச் சுற்றி வாதாடியது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற அந்த மருந்தை 1960-களில் ஜப்பானில் ஷோசுகே ஒகாமோட்டோ, உத்தாகோ ஒகாமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தார்கள். உறைந்த ரத்தம் கரைவதை அது தடுக்கிறது. அதனால் கசிவு குறைகிறது. உடலின் பிற பாகங்களில் அடிபட்டு ரத்தம் இழப்பவர்களிடம் அது உயிர் காப்பதை 20,211 பேரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் காட்டியது. தலைக்காயத்துக்கான கிராஷ்-3 ஆய்வில் 12,737 பேர் சேர்ந்தார்கள். 2019-இல் வந்த முடிவு கலவையானது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் தலைக்காயத்தால் இறந்தோர் நூற்றுக்கு 18.5, வெற்று மருந்துக் குழுவில் 19.8. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு இது. மிதமான காயங்களில் பலன் தெளிவாக இருந்தது; மிகக் கடுமையான காயங்களில் இல்லை. பிரித்துப் பார்த்த முடிவுகளை ஐயுற வேண்டும் என்ற அளவுகோல் இங்கேயும் பொருந்தும். ஆனால் கிராஷ்-2 என்ற பெரிய வெற்றி இதற்குப் பின்னால் இருக்கிறது. மருந்தால் பக்கவாதமோ வேறு உறைவோ கூடவில்லை என்பதும் தெரிந்திருந்தது. எனவே அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள், நினைவு மங்கிய நிலையிலுள்ளவர்களுக்கு இந்த ஊசியைக் கருதலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் வழிகாட்டியது. சான்று எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சொல்லும் உரிமை என்ற ஒழுங்கை இதில் காணலாம். செத்த அணுவை உயிர்ப்பிக்கிறேன் என்று இந்த மருந்து சொல்வதில்லை. கசிவைக் குறைக்கிறேன், அதுவும் உடனே போட்டால் மட்டும் என்கிறது.

செலவுக்கு அஞ்சுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு, லண்டனின் பக்கவாத சிகிச்சையில் எங்கே பணம் போகிறது என்று பார்த்தாலே உதிர்ந்துவிடும். 2010 வரை லண்டனில் சுமார் முப்பது மருத்துவமனைகள் பக்கவாதக்காரர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. தரம் ஆளுக்கொரு விதமாக இருந்தது. அவற்றை ஒழுங்குபடுத்தி, எட்டு மருத்துவமனைகளில் மட்டும் உயர்தீவிர பக்கவாதப் பிரிவுகள் அமைக்கப்பட்டன: யுனிவர்சிட்டி காலேஜ், கிங்ஸ் காலேஜ், செயின்ட் ஜார்ஜ், சேரிங் கிராஸ், நார்த்விக் பார்க், ராயல் லண்டன், ராம்போர்டின் குயின்ஸ், ஆர்பிங்டன் பக்கத்து பிரின்சஸ் ராயல். ஆம்புலன்ஸ் பக்கத்து மருத்துவமனையைத் தாண்டிக்கொண்டு நேராக இவற்றுக்குப் போக வேண்டும் என்பது விதி. இரவோ பகலோ, வந்திறங்கியதும் சிடி ஸ்கேன். தகுதி உள்ளவருக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த மதிப்பீடு, இந்த மாற்றத்தால் ஆண்டுக்குச் சுமார் 96 உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதாகக் கணக்கிட்டது. எந்தப் புது மருந்தும் கண்டுபிடிக்கப்படாமல், இருந்ததை வேகமாகவும் ஒழுங்காகவும் செய்ததாலேயே கிடைத்த பலன் இது.

கட்டைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் ஊசியின் பலன் 1995-இல் அமெரிக்க ஆய்வில் நிறுவப்பட்டது. டெனெக்டெப்ளேஸ் என்ற அதன் தம்பியை நைஸ் 2024-இல் ஏற்றது. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கட்டை உருவி எடுக்கும் திராம்பெக்டமி சிகிச்சை 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகளில் அடுத்தடுத்து வென்றது. அவற்றின் 1,287 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கு, ஏறத்தாழ ஒவ்வொரு மூன்று பேரிலும் ஒருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது என்றது. ஒருவருக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு செலவு பிடிக்கும் சிகிச்சை. தேசிய சுகாதார சேவை அதைக் கட்டணமின்றி செய்கிறது. மறுபக்கம் சில காசு பெறும் ஆஸ்பிரினையும் கொடுக்கிறது. 19,435 பேரிடம் நடந்த சர்வதேச பக்கவாத ஆய்வு 1997-இல் அதன் சிறிய, ஆனால் உறுதியான பலனைக் காட்டியது. விலை கூடிய சிகிச்சையும் இருக்கிறது, மலிவானதும் இருக்கிறது. சான்று இல்லாததுதான் இல்லை.

சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சும் கவனமின்மையால் வருவது. பக்கவாதப் பிரிவில் செவிலியர் ஒருவர் வந்து ஒரு கரண்டி தண்ணீரைக் கொடுத்து நோயாளி விழுங்குகிறாரா என்று பார்ப்பது, உறவினர் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத காரியம். விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியோ பாலோ ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். பக்கவாதக்காரரின் உயிரைப் பறிப்பவற்றில் அது முக்கியமானது. கால்களில் காற்று நிரம்பி வடியும் உறையை மாட்டிவைப்பதும் அப்படித்தான். 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 2,876 நோயாளிகளிடம் அது காலில் ரத்தம் உறைவதை நூற்றுக்கு 12.1-இலிருந்து 8.5 ஆகக் குறைத்தது. ஊசியைப் போலக் கண்ணில் படாத இந்த வேலைகள்தான் உயிரைத் தாங்கி நிற்கின்றன. மருத்துவமனைப் படுக்கைக்கு ஆசையோடு கஞ்சி கொண்டுவரும் உறவினர், முதலில் செவிலியரிடம் கேட்டுவிட்டு ஊட்டுவதே நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.

மூளை தேறுவதற்கு வழி இருக்கிறது. அது உழைப்பின் வழி. குயின் ஸ்குவேரிலுள்ள தேசிய நரம்பியல் மருத்துவமனையில் நிக் வார்டு என்ற மருத்துவரின் குழு, கை செயலிழந்த 224 பேருக்கு மூன்று வாரத்தில் 90 மணி நேரப் பயிற்சி கொடுத்து 2019-இல் முடிவை வெளியிட்டது. பலருக்குப் பக்கவாதம் வந்து மாதங்கள், ஆண்டுகள் கழிந்திருந்தன. கை இயக்கம் மேம்பட்டது. ஆறு மாதம் கழித்தும் அந்த மேம்பாடு நிலைத்தது. ஒப்பிடுவதற்கு வெற்றுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் இதையும் இறுதி வார்த்தையாகக் கொள்ளக் கூடாது. பயிற்சி என்று பெயர் வைத்தாலே பலன் தரும் என்றும் இல்லை: லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்டோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில், 1,250 பேரிடம் நடத்திய அட்டெண்ட் ஆய்வில், குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே பயிற்சி கொடுக்கச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தோரும் பிறர் துணையில் வாழ்வோரும் அந்தப் பயிற்சி பெற்ற, பெறாத இரு குழுவிலும் நூற்றுக்கு 47. குடும்பத்தின் அன்பு, தேர்ச்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் நீண்ட மணி நேரங்களுக்கு ஈடாகாது என்றே இதைப் படிக்க வேண்டும். பிரிட்டனின் 2023 வழிகாட்டிகள் வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன.

தேசிய சுகாதார சேவையின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைப்பதில்லை. இயன்முறை மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் போதவில்லை. திராம்பெக்டமி தேவைப்படுவோர் எல்லோருக்கும் அது கிடைப்பதும் இல்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்டபின் பயிற்சிக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. தமிழ்க் குடும்பங்கள் கோபப்பட வேண்டிய இடம் இது. ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டுச் செலவாகும் கோபத்தை, இன்றைக்கு அம்மாவுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தீர்கள், தமிழில் பேசும் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேச்சுப் பயிற்சி நடக்கிறதா, வீட்டுக்குப் போனபின் யார் வருவார்கள் என்று கேட்பதில் செலவிட வேண்டும். இவை நோயாளியின் உரிமைகள். எழுதிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டியவை.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஊசியா பயிற்சியா என்ற கேள்விக்கு இன்னும் கூர்மை உண்டு. அங்கே ஊசியின் விலை பலவேளை குடும்பத்தின் கையிலிருந்து போகிறது. லண்டனிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பி, ஊசியை நிறுத்த வேண்டாம் என்று தொலைபேசியில் வற்புறுத்துவதும் நடக்கிறது. அந்தப் பணத்தில் எத்தனை நாள் பிசியோதெரபி கிடைக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை ஒருநாளும் தவறாமல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இரண்டாவது பக்கவாதத்தைத் தடுப்பதில் அதற்கு நிகர் குறைவு. முகம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே லண்டனில் 999, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். மூளைக்கு உதவும் ஊசியைப் போட அதற்குள் மருத்துவமனை போய்ச் சேர்ந்துவிடுங்கள்.